பயங்கரவாதப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க ஏன் இத்தனை வருடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்குப் பிறகும் இதே கேள்விதான் வருகிறது: "இவர்களைப் பயங்கரவாதிகள் என்று அறிவிக்க உலகத்துக்கு என்ன தடை?" கோபம் நியாயமானது. ஆனால் பதில் பெரும்பாலும் "இவர்கள் தடுத்தார்கள், அவர்கள் கெடுத்தார்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. யார் தடுத்தார்கள் என்பதைவிட, தடுத்தவர் கடைசியில் எப்படி வழிக்கு வந்தார் என்பதில்தான் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

முதலில், எந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுகிறோம்?

உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று ஒன்று கிடையாது. செய்திகளில் "ஐ.நா. பட்டியல்" என்று வருவது பாதுகாப்பு அவையின் 1267 குழு வைத்திருக்கும் பட்டியல். ஒசாமா பின் லேடனை ஒப்படைக்கத் தாலிபான் மறுத்தபோது 1999 அக்டோபர் 15 அன்று நிறைவேறிய தீர்மானத்தின் எண்தான் அந்த 1267. பிறகு அல்கொய்தா உள்ளே வந்தது, 2011ல் தாலிபானுக்குத் தனிப் பட்டியல் பிரித்தார்கள், 2015ல் ஐ.எஸ். அமைப்பையும் குழுவின் பெயரிலேயே சேர்த்தார்கள். இன்று அதில் சுமார் 250 தனிநபர்களும் 90 அமைப்புகளுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கிறார்கள். பெயர் ஏறினால் மூன்று விளைவுகள்: சொத்து முடக்கம், பயணத் தடை, ஆயுதத் தடை.

இதற்கு வெளியே அமெரிக்கா, இந்தியா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் தங்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. அமெரிக்க இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2001 செப்டம்பர் 28 அன்று, 1373ஆம் தீர்மானம் எல்லா நாடுகளையும் பயங்கரவாதிகளின் பணத்தை முடக்கச் சொன்னது. யார் பயங்கரவாதி என்று மட்டும் அது சொல்லவில்லை. அதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொண்டது. இன்றைய குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

ஐ.நா. குழுவில் ஒரு பெயர் எப்படி ஏறுகிறது? ஓட்டெடுப்பு நடக்குமா?

நடக்காது. கை தூக்குவது, எண்ணுவது எதுவும் இல்லை. பெயரை முன்மொழியும் நாடு ஒரு கோப்பு கொடுக்கும். அதில் ஆளின் முழுப் பெயர், புனைபெயர்கள், பிறந்த தேதி, கிடைத்தால் கடவுச்சீட்டு எண், அல்கொய்தாவோடோ ஐ.எஸ். அமைப்போடோ அவருக்கு என்ன தொடர்பு என்ற விளக்கம் எல்லாம் இருக்க வேண்டும். குழுத் தலைவர் அதைப் பாதுகாப்பு அவையின் 15 உறுப்பு நாடுகளுக்கும் அனுப்புவார். அதோடு போகும் குறிப்பின் சாரம் இவ்வளவுதான்: இந்தத் தேதி, இந்த நேரத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால் பெயர் சேர்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பத்து வேலை நாள் அவகாசம். யாரும் வாய் திறக்காவிட்டால் பெயர் ஏறிவிடும்.

ஒரு நாடு "எனக்கு இன்னும் தகவல் வேண்டும்" என்று எழுதினால் போதும், கோப்பு கிடப்புக்குப் போய்விடும். இதற்கு 'டெக்னிகல் ஹோல்டு' என்று பெயர். ஆறு மாதம் வரை கிடக்கலாம், இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் நேரடியாகத் தடுத்துவிடலாம். எல்லாம் மூடிய கதவுக்குள். யார் ஏன் நிறுத்தினார்கள் என்று வெளியே காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மசூத் அசாரைச் சீனா வீட்டோ செய்ததாகச் சொல்கிறார்களே?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அது சரியில்லை. 1267 குழுவில் வீட்டோ, அதாவது பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு மட்டும் உள்ள தடுப்பு அதிகாரம், என்று ஒன்று கிடையாது. அங்கே 15 நாடுகளுக்கும், இரண்டே வருடத்துக்கு வந்துபோகும் நாடுகள் உட்பட, ஒரே அளவு அதிகாரம். பார்க்கச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனால் இந்தக் கதை முடிந்த விதமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானத்தைக் கடத்திக் கந்தகாருக்குக் கொண்டுபோனார்கள். பயணிகளை மீட்க இந்தியச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவர் மசூத் அசார். வெளியே போன கையோடு ஜெய்ஷ்-இ-முகமதுவைத் தொடங்கினார். அந்த அமைப்பு 2001 அக்டோபரிலேயே ஐ.நா. பட்டியலில் ஏறிவிட்டது, அதைத் தொடங்கியவர் பெயர் ஏறவில்லை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2009ல் இந்தியா முயன்றது, நடக்கவில்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப் படைத் தளம் தாக்கப்பட்ட பிறகு மறுபடி முயன்றது. 14 நாடுகள் சரி என்றன. சீனா மார்ச் மாதம் கிடப்பில் போட்டது, அக்டோபரில் நீட்டித்தது, டிசம்பரில் தடுத்தது. 2017ல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து அதே பெயரைக் கொண்டுவந்தபோதும் இதே கதைதான்.

2019 பிப்ரவரி 14, காஷ்மீரின் புல்வாமா. மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அந்த மூன்று நாடுகளும் மீண்டும் பெயரைக் கொடுத்தன. மார்ச் 13 அன்று, கெடு முடியும் தறுவாயில், சீனா நான்காவது முறையாக நிறுத்தியது. இந்தத் தடவை அமெரிக்கா வேறு பாதையில் போனது. குழுவை விட்டுவிட்டு, நேராகப் பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களுக்கும் ஒரு தீர்மான வரைவைச் சுற்றுக்கு விட்டது. அவையில் ஓட்டெடுப்பு உண்டு, அங்கே தடுக்க வேண்டுமென்றால் சீனத் தூதர் உலகமே பார்க்க மசூத் அசாருக்காகக் கை தூக்க வேண்டும். மூடிய அறையில் "இன்னும் தகவல் வேண்டும்" என்று எழுதுவதோடு அதை ஒப்பிட முடியாது. மே 1 அன்று சீனா தன் நிறுத்தத்தை விலக்கிக்கொண்டது, பெயர் ஏறியது.

ஆனால் அந்த நெருக்கடி ஒன்றே போதுமானதாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு. 2017 செப்டம்பரில் சீனாவிலேயே, ஷியாமென் நகரில், இந்தியாவும் சீனாவும் உறுப்பினராக இருக்கும் பிரிக்ஸ் கூட்டமைப்பின் மாநாட்டு அறிக்கையில் லஷ்கர்-இ-தொய்பா, ஜெய்ஷ்-இ-முகமது இரண்டின் பெயரும் இடம்பெற்றிருந்தன. முந்தைய வருடம் கோவாவில் நடந்த மாநாட்டில் அது முடியாமல் போயிருந்தது. அமைப்பின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அதன் தலைவரைப் பற்றித் தகவல் போதாது என்று எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்ததுதான் 2019ல் கைகொடுத்தது.

ஆனால் அந்தப் பட்டியல் குறிப்பில் புல்வாமா என்ற சொல்லே இல்லையே. அது தோல்விதானே?

ஆமாம், இல்லை. அல்கொய்தாவுடனும் ஜெய்ஷ் அமைப்புடனும் அவருக்கிருந்த தொடர்பைத்தான் குறிப்பு பேசுகிறது. புல்வாமாவும் இல்லை, காஷ்மீரும் இல்லை. அந்த 40 குடும்பங்களில் யாராவது அதைப் படித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். புல்வாமா இருந்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்று பிடிவாதமாக நின்றிருந்தால் ஐந்தாவது முறையும் கோப்பு கிடப்பில்தான் கிடந்திருக்கும். சொத்து முடக்கத்துக்கும் பயணத் தடைக்கும் அந்தச் சொல் தேவையில்லை, பெயர் இருந்தால் போதும். எதிர்த் தரப்பு முகம் இழக்காமல் இறங்கி வர ஒரு படி வைத்துக் கொடுத்தார்கள், அதற்கான விலை ஒரு சொல். கொடுத்திருக்க வேண்டிய விலைதான் என்று நினைக்கிறேன்.

பயங்கரவாதம் என்றால் என்ன என்று ஒரே வரையறையை வகுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீர்ந்துவிடும். ஆனால் அந்த வரையறையில்தான் 1996லிருந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பயங்கரவாதத்துக்கு எதிரான முழுமையான உடன்படிக்கை ஒன்றின் வரைவை அந்த வருடம் ஐ.நா. பொதுச் சபையில் இந்தியாதான் வைத்தது. இரண்டு முடிச்சுகள். அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆயுதம் ஏந்தும் மக்களை இந்த வரையறைக்குள் கொண்டுவரலாமா? இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு நாடுகள் 1999ல் தாங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையில் அந்தப் போராட்டத்தை வெளியே வைத்துவிட்டன. பாலஸ்தீனம் கண்முன்னே இருக்கும்போது அவை இறங்கி வரவில்லை. அடுத்தது, ஒரு நாட்டின் ராணுவமே பொதுமக்களைக் குறிவைத்தால் அதற்கு என்ன பெயர்? அது போர்ச் சட்டத்தின் கீழ் வரும், இதில் சேர்க்காதீர்கள் என்கிறார்கள் ஒரு சாரார். இரண்டு தரப்புக்கும் பின்னால் உண்மையான பயம் இருக்கிறது, அதனால் எந்தத் தரப்பையும் எனக்கு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

அப்புறம் எப்படிக் காரியம் நடக்கிறது? ஆளை வரையறுக்காமல் செயலை வரையறுத்தார்கள். விமானம் கடத்துவது, பிணைக்கைதி பிடிப்பது, பொது இடத்தில் குண்டு வைப்பது, இதற்கெல்லாம் பணம் கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு, இன்றைக்கு அப்படி 19 சர்வதேச ஆவணங்கள் இருக்கின்றன. "யார் செய்தாலும், எதற்காகச் செய்தாலும்" என்ற இடத்தில் நின்று பேசினால் ஒத்துப்போக முடிகிறது. 2004ல் ரஷ்யாவின் பெஸ்லான் பள்ளிக்கூடத்தில் அத்தனை குழந்தைகள் செத்த பிறகு வந்த 1566ஆம் தீர்மானமும் அப்படித்தான், பொதுமக்களைப் பீதியூட்டக் கொல்வதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது என்றது, ஏகமனதாக நிறைவேறியது.

விடுதலைப் புலிகள் ஐ.நா. பட்டியலில் இருக்கிறார்களா?

இல்லை, எப்போதும் இருந்ததில்லை. 1267 பட்டியலுக்கு அல்கொய்தா அல்லது ஐ.எஸ். தொடர்பு வேண்டும். புலிகள் மீதான தடைகள் தனித்தனி நாடுகள் போட்டவை: இந்தியா 1992 மே, அமெரிக்கா 1997 அக்டோபர், பிரிட்டன் 2001, கனடா 2006 ஏப்ரல், ஐரோப்பிய ஒன்றியம் 2006 மே. இலங்கையே 1998ல் தடை செய்து, பேச்சுவார்த்தைக்காக 2002ல் நீக்கி, 2009 ஜனவரியில் மறுபடி போட்டது.

இதில் ஐரோப்பியத் தடையைக் கவனிக்க வேண்டும். 2005 ஆகஸ்டில் இலங்கை வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்ட பிறகு, ஐரோப்பா முதலில் புலிகளின் பிரதிநிதிக் குழுக்களை வரவேற்பதை நிறுத்தியது, அடுத்த வருடம் பட்டியலில் சேர்த்தது. அப்போது போர் நிறுத்தத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தவர்கள் ஐந்து நார்டிக் நாட்டுக்காரர்கள். எங்களைத் தடை செய்த ஒன்றியத்தின் ஆட்கள் எங்களைக் கண்காணிக்கக் கூடாது என்று புலிகள் சொல்ல, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து கண்காணிப்பாளர்கள் 2006 செப்டம்பருக்குள் கிளம்பினார்கள். குழுவின் தலைவரே ஸ்வீடன்காரர், அவரும் போக வேண்டியதாயிற்று. மிஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இருந்தும் அதுவரை ஐரோப்பியப் பட்டியலைப் பின்பற்றி வந்தது. நடுவராக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த வருடம் ஜனவரியிலேயே அந்த வழக்கத்தை விட்டுவிட்டது.

அந்தத் தடையால்தான் போர் வந்தது என்று நான் சொல்லவில்லை. இரு தரப்பும் ஏற்கெனவே அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். கதிர்காமர் கொலைக்குப் பிறகு சும்மா இருந்திருக்க முடியாது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பிரஸ்ஸல்ஸில் அந்த முடிவை எடுத்தபோது, களத்தில் நின்ற தங்கள் நாட்டுக் கண்காணிப்பாளர்களின் கதி என்ன என்று போதுமான அளவு யோசித்திருக்க வேண்டும். யோசித்ததாகத் தெரியவில்லை.

பின்கதை ஒன்றும் உண்டு. 2014ல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் புலிகளைப் பட்டியலில் தொடர்ந்து வைத்திருந்த முடிவுகளை ரத்து செய்தது. முறையான அதிகாரிகளின் முடிவுகளை விட்டுவிட்டுப் பத்திரிகையிலும் இணையத்திலும் வந்ததை ஆதாரமாக எடுத்தார்கள் என்பது முக்கியக் காரணம். 2017 ஜூலையில் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் பின்னர் போட்ட புதிய முடிவுகளின்படி பெயர் பட்டியலிலேயே தொடர்கிறது. அவசரத்தில் எழுதிய கோப்பு பத்து வருடம் கழித்தும் நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

ஹிஸ்புல்லா விஷயத்தில் ஐரோப்பா ஏன் "ராணுவப் பிரிவு" என்று பாதியாகப் பிரித்தது?

ஐரோப்பியப் பட்டியலில் பெயர் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2012 ஜூலையில் பல்கேரியாவின் புர்காஸ் நகரில் சுற்றுலாப் பேருந்தில் குண்டு வெடித்து, இஸ்ரேலியர்கள் ஐந்து பேரும் பல்கேரிய ஓட்டுநரும் இறந்தார்கள். பல்கேரியா விசாரித்து ஹிஸ்புல்லாவைக் கைகாட்டியது. மறு வருடம் சைப்ரஸ் நீதிமன்றம் அந்த அமைப்பைச் சேர்ந்த ஒருவருக்குத் தண்டனை கொடுத்தது. ஆதாரம் ஐரோப்பிய மண்ணிலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் ஹிஸ்புல்லா லெபனான் அரசிலேயே பங்கு வகிக்கும் கட்சி. அதை முழுதாகத் தடை செய்தால் லெபனான் அரசோடு எப்படிப் பேசுவது?

2013 ஜூலை 22 அன்று ராணுவப் பிரிவை மட்டும் சேர்த்தார்கள், லெபனானின் எல்லா அரசியல் கட்சிகளுடனும் பேச்சு தொடரும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அப்படி இரண்டு பிரிவு உண்மையில் இருக்கிறதா என்றால், ஹிஸ்புல்லாவே அதை ஏற்றதில்லை. பிறகு 2019ல் பிரிட்டனும், 2020ல் ஜெர்மனியும் தங்கள் நாட்டில் முழு அமைப்பையும் தடை செய்தன. யாரையும் முழுதாகத் திருப்திப்படுத்தாத ஏற்பாடுதான், ஆனால் 28 நாடுகளும் சேர்ந்து நிற்க அன்று வேறு இடம் இருக்கவில்லை.

தாக்கப்படும் நாடே "பட்டியலில் சேர்க்காதே" என்று சொல்லுமா?

சொல்லியிருக்கிறது. நைஜீரியாவில் தாக்குதல் நடத்தும் போகோ ஹராம் அமைப்பை அமெரிக்கா பட்டியலில் சேர்ப்பதை நைஜீரியா முதலில் விரும்பவில்லை. வெளிநாட்டு விமான நிலையங்களில் சாதாரண நைஜீரியர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்களே என்ற பயம். 2013 நவம்பரில் அமெரிக்கா சேர்த்துவிட்டது. 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்திப் போனதும் நிலைமை தலைகீழானது. அப்போது பாதுகாப்பு அவையில் உறுப்பினராக இருந்த நைஜீரியாவே பெயரைக் கொடுத்தது, மே 22 அன்று சேர்ந்துவிட்டது. பாதிக்கப்பட்ட நாடே கோப்பைத் தூக்கி வந்தால் மற்றவர்கள் மறுப்பது கடினம்.

அமெரிக்கா பட்டியலிட்டால் உலகம் முழுக்கத் தடைதானே?

சட்டப்படி இல்லை. நடைமுறையில் ஓரளவு ஆமாம், டாலர் பரிமாற்றம் வேண்டும் என்பதால் எந்த நாட்டு வங்கியும் அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட முடியாது.

பட்டியலில் ஏறிவிட்டால் அந்த ஆள் முடங்கிவிடுவாரா?

தானாக முடங்க மாட்டார். லஷ்கர்-இ-தொய்பாவைத் தொடங்கிய ஹபீஸ் சயீத் பெயர் 2008 டிசம்பரில் ஏறியது. பயங்கரவாத நிதி வழக்கில் பாகிஸ்தான் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்தது 2020 பிப்ரவரியில். நடுவில் பதினோரு வருடத்துக்கு மேல். பட்டியலை அமல்படுத்துவது அந்தந்த நாட்டின் கையில் இருக்கிறது. இந்த விஷயத்தில் பாகிஸ்தானை அசைத்தது பயங்கரவாத நிதியைக் கண்காணிக்கும், பாரிஸில் இயங்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு (எஃப்.ஏ.டி.எஃப்.). 2018 ஜூனில் பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில், வைத்தது, 2022 அக்டோபரில்தான் விடுவித்தது.

தடை போட்டால் அங்கே சிக்கியிருக்கும் சாதாரண ஜனங்கள் என்ன ஆவார்கள்?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். 2021 ஜனவரியில் டிரம்ப் அரசு பதவியை விட்டுப் போகும் நேரத்தில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களைப் பட்டியலிட்டது. ஏமன் தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு, மக்களில் பெரும்பாலோர் ஹூதிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறார்கள். துறைமுகத்தில் கட்டணம் கட்டினாலே பயங்கரவாதிக்குப் பணம் கொடுத்ததாகிவிடுமோ என்று கப்பல்காரரும் வங்கியும் பயந்தால் கோதுமை வராது. பஞ்சம் வரும் என்று ஐ.நா. எச்சரித்தது. பிப்ரவரியிலேயே பைடன் அரசு நீக்கியது. செங்கடல் கப்பல் தாக்குதல்களுக்குப் பிறகு 2024ல் ஒரு வகைத் தடை திரும்பி வந்தது, 2025 மார்ச்சில் பழையபடி முழு அளவில் பட்டியலிட்டார்கள்.

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் 2022 டிசம்பரில் 2664ஆம் தீர்மானம் வந்தது: ஐ.நா. சொத்து முடக்கத்திலிருந்து மனிதாபிமான உதவிக்கு விலக்கு. 14 நாடுகள் ஆதரித்தன. இந்தியா மட்டும் ஓட்டுப் போடாமல் இருந்தது, தடை செய்யப்பட்ட அமைப்புகள் தொண்டு நிறுவன வேடத்தில் பணம் திரட்டும் என்ற அச்சத்தில். லஷ்கர் அமைப்பு ஜமாத்-உத்-தவா என்ற பெயரில் செய்ததைப் பார்த்த நாட்டுக்கு அந்த அச்சம் வருவது இயல்பு. ஆனால் பசியோடு இருப்பவர்களுக்கு வழி திறந்ததில் நான் தீர்மானத்தின் பக்கம்தான்.

தவறாகப் பெயர் ஏறிவிட்டால் வெளியே வர வழி உண்டா?

ஆரம்பத்தில் இல்லை என்றே சொல்லலாம். சவூதித் தொழிலதிபர் யாசின் காதியின் பெயரை 2001ல் சேர்த்தார்கள், காரணம் என்ன என்றுகூட அவருக்கு முறையாகச் சொல்லவில்லை. 2008ல் ஐரோப்பிய நீதிமன்றம், ஐ.நா. சொன்னாலும் சரி, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தராமல் ஒருவர் சொத்தை முடக்க முடியாது என்றது. அது பெரிய அதிர்ச்சி. மறு வருடமே மனுக்களை விசாரிக்கக் குறைதீர்ப்பாளர் பதவியை ஐ.நா. உருவாக்கியது. காதியின் பெயர் 2012ல் நீங்கியது.

அரசியல் மாறியதால் நீங்கும் பெயர்களும் உண்டு. சிரியாவில் அல்கொய்தா கிளையை நடத்திய அகமது அல்-ஷரா அதிபரான பிறகு, 2025 நவம்பர் 6 அன்று பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டே அவர் பெயரை நீக்கியது. 14 நாடுகள் ஆதரவு, சீனா ஓட்டுப் போடவில்லை. குழுவுக்குப் போகாமல் அவைக்குப் போனார்கள் என்பதைக் கவனியுங்கள், மசூத் அசாருக்குக் காட்டிய அதே கதவு.

பஹல்காமுக்குப் பிறகு டி.ஆர்.எஃப். பெயர் எந்த நிலைக்கு வந்தது?

டி.ஆர்.எஃப். என்பது 'தி ரெசிஸ்டன்ஸ் ஃபிரண்ட்' என்ற அமைப்பு. 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மூன்றே நாளில் பாதுகாப்பு அவை கண்டன அறிக்கை வெளியிட்டது, ஆனால் அதில் டி.ஆர்.எஃப். பெயர் இல்லை. பாகிஸ்தான் அப்போது அவை உறுப்பினர். ஜூலையில் அமெரிக்கா தன் பட்டியலில் அதைச் சேர்த்தது. அதே மாதம் 1267 குழுவின் கண்காணிப்புக் குழு தன் அறிக்கையில் அந்தப் பெயரை எழுதியது: டி.ஆர்.எஃப். அன்றே பொறுப்பேற்று, சம்பவ இடத்தின் படத்தையும் வெளியிட்டது. மறுநாள் மீண்டும் சொன்னது. ஏப்ரல் 26 அன்று பின்வாங்கியது. அதற்குக் கீழே உறுப்பு நாடுகளின் கருத்துகள். லஷ்கர் ஆதரவில்லாமல் இது நடந்திருக்க முடியாது என்கிறது ஒரு நாடு. டி.ஆர்.எஃப்., லஷ்கர் இரண்டும் ஒன்றே என்கிறது இன்னொன்று. இரண்டையும் மறுத்து, லஷ்கரே செயலிழந்துவிட்டது என்கிறது மூன்றாவது. எந்த நாடு எதைச் சொன்னது என்று அறிக்கையில் பெயர் போடவில்லை. டி.ஆர்.எஃப். பெயரோடு எந்தக் கோப்பு குழுவுக்குப் போனாலும், அந்தப் பத்து வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டியது அந்த மூன்றாவது வரிக்குத்தான்.